வெர்னாவை விட்டுவிட்டுப் போன வண்டி

எங்கள் ஊரில் வெர்னா ஸ்டெஃபனிஷினைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் சிரித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். பள்ளிக்கூடப் பஸ்ஸை முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டியவள் அவள். அத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட வண்டிக்குள் மறந்து பூட்டியதில்லை, வழியில் விட்டுவிட்டுப் போனதும் இல்லை. அப்பேர்ப்பட்டவளை அவள் புருஷனே ஒரு பெட்ரோல் நிலையத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றால் சிரிக்க மாட்டார்களா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவாலயக் கூடத்தில் காபி குடிக்கும்போது இன்றைக்கும் யாராவது வாரிவிடுவார்கள்: "வெர்னா, இன்னிக்காவது உன்ன எண்ணிப் பாத்துட்டு வண்டிய எடுப்பானா உன் ஆளு?" அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஊருக்குத் தெரிந்தது பாதிக் கதைதான்.

மீதியைச் சொல்ல வேண்டுமானால் அவள் ஏன் அந்த வழியாகப் போனாள் என்று சொல்ல வேண்டும். சஸ்காட்சுவன் மாகாணத்தில், கோதுமைக்கு நடுவில் பிறந்து, கோதுமைக்கு நடுவிலேயே கல்யாணமும் கட்டிக்கொண்டவள். அவள் பஸ் ஓட்டிய பாதை ஒரு வட்டம். காலையில் பள்ளிக்கூடத்தில் தொடங்கி எல்லாப் பண்ணைகளையும் சுற்றிப் பள்ளிக்கூடத்திலேயே முடியும். சாயங்காலம் அதே வட்டம் திரும்பவும். ஒரு பனிப்புயல் நாளில் பாதை தெரியாமல் போனபோது, பிள்ளைகள் அத்தனை பேரையும் யாரோ ஒருவருடைய பண்ணை வீட்டில் இறக்கி, அந்த வீட்டு அடுப்பிலேயே உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பைரோகி அவித்துப் போட்டு, புயல் ஓயும்வரை சீட்டு விளையாடினாளாம். மறுநாள் அதிகாரிகள் விசாரித்ததற்கு, "பசியோட புள்ளைங்கள வண்டியில வச்சிக்கிட்டு நான் என்ன ஜெபமா சொல்லிட்டிருப்பேன்?" என்று கேட்டாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மேடையில் ஏற்றிப் பேசச் சொன்னார்கள். "வட்டமாவே ஓட்டிட்டேன். ஒரு தடவையாவது ரோடு முடியற வரைக்கும் போகணும்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

ரோடு முடிகிற இடம் எது என்பதையும் அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். வடக்கே, யூகோனையும் தாண்டி, சரளைப் பாதை ஒன்று ஆர்க்டிக் கடலில் போய் முடிகிறது. அதற்கப்புறம் போக வழி இல்லை. வெர்னா பிறந்ததிலிருந்து எந்தக் கடலையும் பார்த்ததில்லை. மூத்த மகள், "கடல்தானே வேணும்? வான்கூவருக்கு வாம்மா, ஏரோப்ளேன்ல ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க இருப்ப," என்றாள். வெர்னாவுக்கு அந்தக் கடல் வேண்டியிருக்கவில்லை.

அவள் புருஷன் ஒரெஸ்ட் இயந்திரம் பழுது பார்க்கிறவன். அறுவடை நேரத்தில் வயல் நடுவில் எந்த வண்டி நின்றாலும் அவன் கை பட்டால்தான் ஓடும். அந்தக் கையை நம்பித்தான் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் பழைய இயந்திரங்களைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தோம். அவனே ஒரு பழைய வீட்டு வண்டியை வாங்கினான். உள்ளே அடுப்பு, சின்ன மேசை, கடைசியில் திரை போட்ட படுக்கை எல்லாம் இருந்தன. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் படுத்துப் புரண்டு அதைச் சரிசெய்தான். ஜூன் மாதம் கிளம்பினார்கள். கிளம்பும்போதே ஒரு சண்டை.

"பாதி தூரம் நான் ஓட்டறேன்," என்றாள் வெர்னா.

"நீ ஓட்டினதெல்லாம் போதும். ராணி மாதிரி உக்காந்து வேடிக்கை பாரு."

"என் லைசென்ஸ் உன்னோடத விடப் பெருசு, தெரியுமில்ல?"

"இது பஸ் இல்ல வெர்னா. இது வீடு."

"அப்ப வீட்ட ஓட்டறது யாரு, இத்தன வருஷமா?"

அவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஆல்பர்ட்டா தாண்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஊர்கள் குறைந்தன, பிறகு இல்லாமலே போயின. மணிக்கணக்கில் ஒல்லி ஒல்லியான ஊசியிலை மரங்களும் சதுப்பும்தான். கரடி ஒன்று சாலையோரம் பூவோடு புல்லைத் தின்றுகொண்டிருந்தது. காட்டெருமைக் கூட்டம் ஒன்று சாலையை மறித்துப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. வெர்னாவுக்கு அந்த நாளெல்லாம் சிரிப்பும் பாட்டும்தான். ஒரெஸ்ட்தான் பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தான். ஒரு காலையில் காபிக் கோப்பை அவன் கையிலிருந்து நழுவி உடைந்தது. கோப்பை மேல் பழி போட்டான். மறுநாள் டயர் சரியில்லை என்றான். அதற்கடுத்த நாள், லியார்ட் ஆற்றின் கரையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

"வைட்ஹார்ஸ் வரைக்கும் போவோம். அங்கருந்து திரும்பிடலாம்."

"ஏன்?"

"போதும்."

"என்ன போதும்? கடல் எங்க, வைட்ஹார்ஸ் எங்க?"

"அந்தச் சரளைப் பாதையில இந்த வண்டி தாங்காது."

"நீ சரிபண்ணின வண்டி தாங்காதா? இத ஊர்ல போய் சொல்லட்டுமா?"

"சொல்லிக்கோ."

வெர்னாவுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. கடல் போனால் போகட்டும்; ஏன் என்று சொல்லாமல் கதவைச் சாத்துகிறானே என்றுதான் அவளுக்கு எரிச்சல். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அப்படித்தான். நல்லவன், ஆனால் உள்ளே நடப்பதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்படுக்கையில் போய்ப் படுத்துத் திரையை இழுத்துவிட்டாள். வண்டி கிளம்பியது.

மத்தியானத்துக்கு மேல் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டி நின்றது. பெட்ரோல், சாப்பாட்டுக் கடை, பின்னால் கழிவறை, அவ்வளவுதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் வெகுதூரத்துக்கு ஒன்றும் கிடையாது. அந்த வழியில் அலைபேசியும் வேலை செய்யாது. ஒரெஸ்ட் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது வெர்னா பக்கக் கதவு வழியே இறங்கிக் கழிவறைக்குப் போனாள். அங்கிருந்து பின்வாசல் வழியாகவே கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரி ட்ரூடி அப்போதுதான் அடுப்பிலிருந்து லவங்கப்பட்டை போட்ட பன் எடுத்திருந்தாள். ஒரு தட்டளவு இருக்கும் ஒவ்வொன்றும். அந்த வாசனையில் வெர்னாவின் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஒரெஸ்டுக்கும் சேர்த்து இரண்டு வாங்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள்.

வண்டி நகர்ந்துகொண்டிருந்தது.

அவள் திரைக்குப் பின்னால் கோபமாகப் படுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவன் கிளம்பிவிட்டான். அந்தப் பாரமான வண்டி மெதுவாகத்தான் சாலையில் ஏறியது. பத்து அடி ஓடிக் கத்தியிருந்தால் நின்றிருக்கும். பள்ளிக்கூட மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பிள்ளையை இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்ட தொண்டை அவளுடையது. கத்தவில்லை. இரண்டு கையிலும் பன்னோடு அப்படியே நின்று பார்த்தாள். வண்டி மரங்களுக்குள் மறைந்தது.

"போச்சா?" என்று பின்னாலிருந்து ட்ரூடி கேட்டாள்.

"போச்சு."

"உள்ள வா. புருஷன் விட்டுட்டுப் போன பொம்பளைக்கி இங்க காபிக்குக் காசு கெடையாது. இந்தக் கோடையில நீ நாலாவது ஆளு." ட்ரூடி சன்னலோர நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "ரேடியோவுல லாரிக்காரங்களுக்குச் சொல்லட்டா? அரை மணியில உன் ஆள மறிச்சிடுவாங்க."

"வேண்டாம்."

"வேண்டாமா?"

"தானா தெரிஞ்சிக்கட்டும்."

ட்ரூடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓகோ, அப்படிப்பட்ட கோவமா? சரி. வந்தாருன்னா எவ்ளோ தூரம் போனாருன்னு கேட்டுச் சொல்லு. போன வருஷம் ஒருத்தன் அடுத்த மாகாணம் வரைக்கும் போயிட்டான். பொண்டாட்டி பதில் பேசலன்னு சந்தோஷமா ஓட்டியிருக்கான் படுபாவி."

வெர்னா சிரித்தாள். தன் பன்னைத் தின்றாள். ஒரு மணி நேரம் கழித்து ஒரெஸ்டின் பன்னையும் தின்றாள். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. ஒரு மனிதனோடு பேரன் பேத்தி எடுக்கும்வரை வாழ்ந்துவிட்டு, தான் அவன் வண்டியில் இருக்கிறோமா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை என்றால் அந்த வாழ்க்கைக்கு என்ன பெயர்? இதைத் தெரிந்துகொள்ளத்தான் கத்தாமல் நின்றாள். இப்போது தெரியாமலே இருந்திருக்கலாமே என்று தோன்றியது. லாரிகள் வந்தன, போயின. ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து சன்னலுக்குப் போனாள். ட்ரூடி கோப்பையை நிரப்பிக்கொண்டே இருந்தாள்.

வெயில் மரத்தலைகளுக்கு இறங்கிய பிறகு வண்டி வந்தது. கண்டபடி வளைத்து, பெட்ரோல் குழாயை இடிக்காத குறையாக நின்றது. ஒரெஸ்ட் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"படுத்திருக்கேன்னுல்ல நெனச்சேன்! வெர்னா, படுத்திருக்கேன்னு..."

"எவ்ளோ தூரம் போனீங்க?" என்று உள்ளிருந்து ட்ரூடி கத்தினாள்.

அவன் காதிலேயே வாங்கவில்லை. வெர்னாவின் தோள், கை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தான், எங்காவது உடைந்திருக்கிறாளா என்று பார்ப்பதுபோல.

"எப்பத் தெரிஞ்சிது?" என்றாள் வெர்னா.

"பெரிய பாலம் தாண்டி. பேசிக்கிட்டே போனேன். நீ பதிலே சொல்லல. அழறியோன்னு நெனச்சு ஓரங்கட்டிட்டுத் திரைய விலக்கினேன். தலையணைதான் இருந்துச்சு."

"நீ பேசினியா? என்கிட்டயா?"

"உன்கிட்டதான்."

"என்ன பேசின?"

அவன் கடைவாசலைப் பார்த்தான். ட்ரூடி நல்லவள், உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

"சொல்லிட்டேனே," என்றான்.

"தலையணைகிட்ட சொன்ன. என்கிட்ட சொல்லு."

ஒரெஸ்ட் வண்டிப்படியில் உட்கார்ந்தான். வலது கையை மடியில் வைத்து இடது கையால் பிசைந்தான்.

"இந்தக் கை மரத்துப்போவுது. பனி உருகின காலத்துலருந்து. நட்டு புடிச்சா புடிச்சிருக்கேனா இல்லியான்னு தெரியல. டாக்டர் கழுத்து நரம்புன்னான், தூரமா ஓட்டாதன்னான். நல்ல ரோட்டுல சமாளிச்சிட்டேன். அந்தச் சரளையில ஸ்டியரிங் புடிக்க பயமா இருக்கு வெர்னா."

வெர்னாவுக்குக் கத்தலாகத்தான் வந்தது. "அந்தக் கையோடயா இவ்ளோ தூரம் ஓட்டின? கெழவா, உனக்குப் பைத்தியமா? பக்கத்துலயே பஸ்காரி உக்காந்திருக்கேன்! ஓட்டுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீ ஓட்டினா நான் என்ன பண்றது?"

"என்ன பண்றதுன்னா?"

"ரிப்பேரும் பாக்க முடியாது. ஓட்டவும் முடியாது. அப்பறம் இந்த வண்டியில நான் எதுக்கு? சாமான் மாதிரியா வர்றது?"

அவள் அவன் பக்கத்தில், அந்தக் குறுகலான படியிலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொசு மொய்த்தது. இரண்டு பேருமே விரட்டவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள். "வண்டி கெளம்பறத நான் பாத்தேன்."

"பாத்தியா?"

"அங்கதான் நின்னேன். கத்தியிருந்தா உனக்குக் கேட்டிருக்கும்."

அவன் கண் கலங்கியதை வெர்னா பார்த்தாள்.

"கத்தியிருக்கலாம்ல," என்றான். "உயிரே போயிடுச்சு எனக்கு. கரடி தூக்கிட்டுப் போயிருக்குமோ, வழியில கதவு தொறந்து விழுந்துட்டியோன்னு, ஒவ்வொரு பள்ளமா பாத்துக்கிட்டே வந்தேன்."

"கத்தியிருந்தா இத எப்பச் சொல்லியிருப்ப நீ?"

அவன் யோசித்தான். "சொல்லியிருக்க மாட்டேன்," என்று ஒத்துக்கொண்டான். பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

அங்கிருந்து வெர்னாதான் ஓட்டினாள். ஒரெஸ்ட் சும்மா வந்தான் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்து மிதித்தே தரைவிரிப்பைத் தேய்த்தான். "பள்ளம்! பள்ளம்!" என்று அவன் கத்துவதும், "எனக்கும் கண்ணு இருக்கு," என்று அவள் சொல்வதுமாகச் சரளைப் பாதை முழுக்கப் போயிற்று. டயர் ஒன்று கிழிந்தது. எப்படி மாற்ற வேண்டும் என்று அவன் சொல்லச் சொல்ல அவள் மாற்றினாள், சேறு அப்பிய கையால் அவன் மூக்கில் ஒரு பொட்டும் வைத்தாள். இரண்டு ஆறுகளைப் படகில் வண்டியோடு கடந்தார்கள். மரங்கள் குட்டையாகிக் குட்டையாகிக் கடைசியில் இல்லாமல் போயின. பிறகு ரோடும் முடிந்தது.

சாம்பல் நிறத்தில், ஓசையில்லாமல், மிதக்கும் பனிக்கட்டித் துண்டுகளோடு கடல் இருந்தது. வெர்னா வண்டியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு காலணியைக் கழற்றிவிட்டுக் கூழாங்கற்களின் மேல் நடந்து தண்ணீரில் இறங்கினாள். வீல் என்று அவள் போட்ட கூச்சலில், படம் எடுத்துக்கொண்டிருந்த வேறொரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

ஒரெஸ்டும் கரையில் குந்தி இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டான்.

"எப்படி இருக்கு தண்ணி?" என்று அந்தக் குடும்பத்துக்காரன் விசாரித்தான்.

முகம் தெரியாத அந்த ஆளிடம் ஒரெஸ்ட் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். "இந்தக் கைக்குக் குளிருது," என்றான். "இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியல."

வெர்னா தண்ணீரில் சளசளவென்று நடந்து வந்து, அந்த வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கும் குளிருது," என்றாள். "நான் சொல்றேன்ல."