பெரியப்பா வீட்டு ரேடியோ

புதுக் கணினியில் பழைய இயங்குதளத்தை ஏற்றினால் ஒலி ஒழுங்காக வருவதில்லை. இன்று அது கரகரவென்று இரைந்ததும் காஜா பெராங் ஊரில் பெரியப்பா வைத்திருந்த ரேடியோ நினைவுக்கு வந்தது.

நாடு சுதந்திரம் பெற்ற காலை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரேடியோ மேல் பெரியம்மா பின்னிய வெள்ளைத் துணி. ரேடியோ சூடேறும் வாசனை சன்னல்வரை வந்தது. நானும் அம்மாவும் வெளியே நின்றோம்.

“சேத்துக் காலோட உள்ள வராதீங்க,” என்றார் பெரியப்பா.

கரகரப்பு அடங்கி அறிவிப்பு தொடங்கிய நொடியில், அவர் மகன் செல்வம் அண்ணன் சிரித்தபடி சன்னலைச் சாத்தினார். உள்ளே ‘மெர்டேக்கா’, விடுதலை என்று மலாயில் முழங்கியது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். எனக்கு மறதி கிடையாது.

இப்போது செல்வம் அண்ணன் என் வாசலில் நிற்கிறார். இறந்துபோன அண்ணியின் குரல் ஒரு பழைய சிடியில் இருக்கிறது. புதுக் கணினி எதுவும் அதைத் திறக்கவில்லை. அவர் கேட்டதால்தான் பழையதை ஏற்றினேன்.

“ஒரு தடவ அவ குரல கேட்டுக்கிறேன்லா, தங்கச்சி.”

“காலெல்லாம் சேறு, அண்ணே. சன்னல்கிட்ட நில்லுங்க.”

நின்றார். கரகரப்பு அடங்கியது. “என்னங்க,” என்று அண்ணி தொடங்கினாள்.

நான் சன்னலைச் சாத்தினேன்.