கம்பைலருக்குள் கிடந்த கோப்பு

ஆந்திர எல்லையில் நகரிக்குப் பக்கத்தில் கரும்பு பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள் மல்லிகா. டிப்ளமோ முடித்த கையோடு தகரப் பெட்டி செய்யும் கம்பெனியில் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ்களுக்கு ப்ரோகிராம் எழுதுவது அவள்தான்.

அந்த வெள்ளிக்கிழமை கம்பைலரை, அதாவது எழுதிய ப்ரோகிராமை மிஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருளை, புதுப் பதிப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது. பழையதை நீக்கினால் அதன் ஃபோல்டரில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும். மல்லிகாவின் சொந்தக் கோப்புகளும் வருஷக்கணக்காக அதற்குள்ளேதான் குவிந்து கிடந்தன. காலையிலிருந்து அவற்றைப் பிரித்துத் தனி ஃபோல்டரில் போட்டுக்கொண்டிருந்தாள். பிரஸ்1, பிரஸ்1புதுசு, பிரஸ்1கடைசி, அதற்கும் பிறகு இன்னொரு கடைசி.

பதினொரு மணிவாக்கில் ஒரு கோப்பில் கண் நின்றது. அது கம்பைலரோடு வந்தது. ஆனால் மற்றவற்றுக்கெல்லாம் ஒரே தேதி, இதற்கு மட்டும் வேறு. திறந்தாள். ஒரு வரி மாற்றப்பட்டிருந்தது. பக்கத்தில் அவளே எழுதிய குறிப்பு: ‘இப்போதைக்கு. அப்புறம் சரி பண்ணணும்.’

குறுக்கே கை வந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் சென்சார் எந்த இணைப்பில் இருக்கிறது என்று சொல்லும் வரி அது. தன் ப்ரோகிராமில் எழுத வேண்டியதை, ஏதோ அவசரத்தில் கம்பைலரின் கோப்பிலேயே எழுதியிருந்தாள். புதுக் கம்பைலரில் அந்த மாற்றம் இருக்காது. பிழை என்றும் எதுவும் காட்டாது. பிரஸ்ஸுக்குக் கை தெரியாது, அவ்வளவுதான்.

கம்பெனியின் புத்தூர் பிரஸ் ஷெட்டைப் பார்க்கும் திலீப்பைப் போனில் அழைத்தாள்.

“என் ப்ரோகிராம புதுக் கம்பைலர்ல மாத்தி மிஷின்ல ஏத்திட்டியா?”

“காலையிலேயே ஏத்திட்டேன்க்கா. ரெண்டு மிஷினும் ஓடிக்கினு கீது. ஒரு எர்ரர்கூட வர்ல.”

“உடனே நிறுத்து!”

“நான் திருப்பதில கீறேனே, அக்கா.”

ஷெட் போனை யாரும் எடுக்கவில்லை. அந்தச் சத்தத்தில் மணி யாருக்குக் கேட்கும்? ஸ்கூட்டரை எடுத்தாள். புத்தூர் போய்ச் சேரும்வரை எதிரே வந்த ஒவ்வொரு ஆம்புலன்ஸும் அங்கிருந்து வருவதாகவே பட்டது.

ஷெட்டில் வேலை செய்யும் செங்கம்மா பிரஸ்ஸுக்குள் தகடு வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆபண்டி! நிறுத்துங்க!” மல்லிகா மெயின் சுவிட்சை அணைத்தாள்.

“இன்னாம்மா? நல்லாத்தானே ஓடிக்கினு கீது?”

மல்லிகா எல்லோரையும் விலகச் சொன்னாள். சென்சாருக்குக் குறுக்கே ஒரு மரக்கட்டையை நீட்டிவைத்து, மறுபடி கரண்ட் கொடுத்து பட்டனை அழுத்தினாள். பிரஸ் தயங்கவேயில்லை. கட்டை சிதறியது. செங்கம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மிஷினையும் பூட்டினார்கள். சாயங்காலம் மேனேஜர் கேட்டார்: “உங்க ப்ரோகிராம் இருக்கற அந்த ஃபோல்டர வேற யாருக்கெல்லாம் குடுத்தீங்க?”

சித்தூரில் ஒருவர், குப்பத்தில் ஒருவர். இருவரும் போனை எடுத்தார்கள், கம்பைலரை இன்னும் மாற்றவில்லை என்றார்கள். மூன்றாவது ஆள் ஜெயபிரகாஷ். இந்தக் கம்பெனி வேலையை விட்டுப்போய்த் தனியாக ஊர் ஊராக பிரஸ்களைச் சரிசெய்து கொடுப்பவர். அவர் எண்ணை இப்போது வைத்திருந்தது வேறு யாரோ. ராங் நம்பர் என்று தெலுங்கில் சொல்லி வைத்துவிட்டார்கள்.

எத்தனை பிரஸ்களில் அவர் அதை ஏற்றினார், எந்தெந்த ஊரில் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மல்லிகா அவரைத் தெரிந்த அடுத்த ஆளின் எண்ணைத் தேடத் தொடங்கினாள்.