சம்மதம் கேட்ட பிறகு

"உன் மனது சம்மதமா?" என்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. பீடத்தில் ஆறு மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. மந்திரித்த தாலி தட்டில் இருந்தது. மணப்பெண் குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

அந்நாளில் ஆம்பூர்ப் பக்கத்தில் மணப்பெண் வாய் திறந்து சம்மதம் சொல்வதை அடக்கமில்லாத செயல் என்பார்கள். அத்தை முறையுள்ள ஒருத்தி பின்னால் நின்று, முக்காட்டின்மேல் கை வைத்துத் தலையை முன்னே தள்ளுவாள். அந்த அசைவையே சம்மதமாகக் கொண்டு குருவானவர் அடுத்த செபத்துக்குப் போவார். அந்தப் பங்கில் நான் நடத்திய நான்காவது திருமணம் அது. முந்தைய மூன்றிலும் அசைந்தது பெண்ணின் மனமா, அத்தையின் கையா என்ற கவலை என்னை விடாமல் அரித்தது. இந்த முறை கை தள்ளியும் தலை அசையவில்லை.

"வெக்கப்படுது சாமி. சம்மதம்தான், நீங்க மேல நடத்துங்க" என்றாள் அத்தை.

"கைய எடும்மா. அவளே சொல்லட்டும்."

மாப்பிள்ளை தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்பவன். விரல் நுனிகள் வெந்து வெளுத்திருந்தன. பெண் மாதனூர்ப் பக்கம். தகப்பன் இல்லை. தாயும் மகளும் இருந்த குடிசையைத் தகப்பன் வழி உறவினர் வேறொருவருக்கு விற்கப் பேசி முடித்துவிட்டார்கள். மகள் போனபின் தாய் எங்கே போவாள் என்று யாரும் கேட்கவில்லை. கைம்பெண் என்பதால் அந்தத் தாய், தாலி கட்டுவது கண்ணில் படாதபடி, கோவிலின் கடைசித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

பெண் நிமிர்ந்தாள். "எங்கம்மாவயும் கூட்டிக்குனு போனா சம்மதம் சாமி."

"பொண்ணக் கட்டுனா பத்தாதாமா?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். "மாமியாளுக்கும் சேத்து ஒரு தாலி கொண்டாங்கடா!"

ஆண்கள் பக்கம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிபந்தனை வைத்த சம்மதத்தின்மேல் விவாகத்தை நடத்தலாகாது என்று குருமடத்தில் படித்தவன் நான்.

"இங்க 'போனா', 'வந்தா'ன்னு சொல்லக் கூடாதம்மா. சம்மதம், இல்லாட்டி சம்மதமில்ல. ரெண்டுல ஒண்ணு."

"அப்ப இல்ல சாமி."

பீடத்தின் முன் வரை வந்து திரும்பிய பெண்ணை மறுபடி யார் கேட்டு வருவார்கள்? புத்தகத்தை மூடினேன். மாப்பிள்ளை திரும்பி வாசலை நோக்கி நடந்தான். "போய்ட்டான்டா!" என்று அவன் தாய் அழத் தொடங்கினாள். ஆனால் அவன் கடைசித் தூணருகே நின்றுவிட்டான்.

"எந்திரிங்க அத்தே" என்றான் பெண்ணின் தாயிடம்.

"நான் வரக் கூடாதுப்பா. தாலி கட்டுற எடம்."

"என் ஊட்டுக்கே வரப்போறீங்க. இங்க வர்றதுக்கு இன்னா?"

வெந்த விரல்களால் அவள் கையைப் பிடித்து, அத்தனை பேர் நடுவிலும் அழைத்துவந்து, பீடத்துக்கு முன்னுள்ள கிராதியின் அருகே, முதல் வரிசையில் உட்கார வைத்தான். தகப்பனாரின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

"இப்ப கேளுங்க சாமி."

இருவரிடமும் முதலிலிருந்து கேட்டேன். அவள் சொன்ன "சம்மதம்" வெளியே நின்ற வண்டிக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். யாருடைய கையும் அவள் தலைமேல் இல்லை.

நிபந்தனையை விட்டுச் சம்மதித்தாளா, அது நிறைவேறியதால் சம்மதித்தாளா என்று பல வருஷம் குழம்பியிருக்கிறேன். அந்தத் தாய் சாகும்வரை அவர்கள் வீட்டில்தான் இருந்தாள். கல்லறைக் குழியில் முதல் பிடி மண் போட்டவன் மருமகன். அன்றோடு அந்தக் குழப்பத்தை விட்டேன்.

இப்போது பெண்கள் வாசிக்கத் தெரிந்தவர்கள். கேள்வி முடியுமுன்னே "சம்மதம்" என்று கணீரென்று சொல்கிறார்கள். அதுவும் எனக்குக் கவலையாகவே இருக்கிறது. சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார்களோ என்று. ஆகையால் பதில் வந்த பிறகும் உடனே அடுத்த செபத்துக்குப் போவதில்லை. பக்கத்தில் நின்று உதவும் உபதேசியார் பொறுமையிழந்து, என் கையிலுள்ள புத்தகத்தில் அடுத்த வரியை விரலால் தொட்டுக் காட்டுவார். கிழவருக்கு இடம் தவறிவிட்டது என்று அவருக்கு எண்ணம். இடம் எனக்குத் தெரியும். பெண்ணின் முகத்தைப் பார்த்தபடி இன்னும் சற்று நிற்கிறேன்.