நிஜமாகவே நெஞ்சு வலித்தபோது

போன வருஷம் ஆவணி மாதம். என் மைத்துனர் மகள் கல்யாணத்துக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அன்று தெற்கு வீதியில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நான் சாகக் கிடந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

ஏன் சிரித்தார்கள் என்று புரிய என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். வீடு கடலூர் முதுநகரில். ஐம்பது வயது தாண்டும் வரை என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. கம்பெனி பஸ்ஸில் நான் ஏறாவிட்டால்கூட செம்மங்குப்பம் போய் இறங்கிய பிறகுதான் கவனிப்பார்கள். என் மகன் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. பொழுது போகாமல் வீட்டில் நடப்பதையெல்லாம் போனில் எடுத்து இன்டர்நெட்டில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மா மீன் வறுப்பது, துணி காயப்போடுவது, என்னோடு சண்டை போடுவது, எல்லாம். யாரும் சீண்டவில்லை.

ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து வந்த என் மனைவி தக்காளி விலையைச் சொன்னாள். நான் விளையாட்டாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயையோ, நெஞ்ச அடைக்குதுடி!" என்று சோபாவில் சரிந்தேன். மகன் அதையும் எடுத்துப் போட்டுவிட்டான். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. தங்கம் விலை ஏறினால் நான் விழ வேண்டும். கரண்டு பில் வந்தால் விழ வேண்டும். விருந்தாளி இன்னும் இரண்டு நாள் தங்குகிறேன் என்றாலும் விழ வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் என்னைக் கார்ட்டூன் பொம்மையாக வரைந்து, நெஞ்சைப் பிடித்தபடி விழுகிற ஸ்டிக்கராக வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார். என் மேனேஜரே லீவு கேட்டவர்களுக்கு அந்த ஸ்டிக்கரைத்தான் அனுப்பினார். சனிக்கிழமை திருவந்திபுரம் போனால் பெருமாளைப் பார்க்க வந்தவர்கள் என்னை நிறுத்தி செல்ஃபி எடுத்தார்கள். "நெஞ்சு மாமா" என்பதே என் பெயராகிவிட்டது. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

கல்யாண மண்டபத்திலும் அதே கதை. தாலி கட்டி முடிந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது மைத்துனர் மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மாமா, மாப்ள வூட்டுக்காரங்கல்லாம் கேக்கறாங்க. ஒரே ஒரு வாட்டி வுழுந்து காட்டுங்களேன்."

"மேடையிலயா? வேணாம் மச்சான்."

"அட, வாங்க மாமா!"

விழுந்தேன். நல்ல காரியம் நடக்கும் இடத்தில் இது என்ன விளையாட்டு என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஆனால் கைதட்டல்தான் ஜாஸ்தி. மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார்.

சாயங்காலம் நடை திறக்கும் நேரத்துக்கு நானும் மனைவியும் மகனும் கோயிலுக்குக் கிளம்பினோம். தெற்கு வீதியில் நடக்கும்போது இடது தோள் வலிக்க ஆரம்பித்தது. மேடையில் விழுந்தபோது அடிபட்டிருக்கும் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சதூரம் போனதும் மார்புமேல் சிமெண்ட் மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. மூச்சை இழுக்க முடியவில்லை. ஒரு பூஜைச் சாமான் கடையின் படியில் உட்கார்ந்தேன், இல்லை, விழுந்தேன்.

சொல்வதற்கு வேறு வார்த்தை வரவில்லை. "நெஞ்ச அடைக்குதுடி" என்றேன்.

மனைவி சிரித்துவிட்டாள். "ஐயே, நடுரோட்டுலயா? எழுந்திரிங்க, எல்லாரும் பாக்கறாங்க."

எல்லாரும் பார்த்தார்கள்தான். காலேஜ் பையன்கள் இரண்டு பேர், "டேய், நெஞ்சு மாமாடா!" என்று ஓடிவந்தார்கள். போன்கள் மேலே எழுந்தன. என் மகனும் எடுத்துவிட்டான். "அப்பா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, வெளிச்சம் பின்னால இருக்கு" என்றான். இல்லை, இது நிஜம் என்று சொல்லக் கையைத் தூக்கினேன். வீடியோவிலும் கடைசியில் அப்படித்தான் கையைத் தூக்குவேன். சிரிப்பு இன்னும் கூடியது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இப்படியே போய்விடுவேன் போலிருக்கிறதே, இவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்களா என்று ஒரு பயம் வந்தது பாருங்கள், அந்த வலியைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

அப்போது கோயிலுக்கு வந்திருந்த ஒரு வேனிலிருந்து ஆந்திரா யாத்ரீகர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஓர் அம்மா, மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நான் யாரென்றும் தெரியாது. குனிந்து என் முகத்தைப் பார்த்தார். புறங்கையால் நெற்றியைத் தொட்டார். வேர்வையில் நனைந்த அந்தக் கையை என் மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டி, "சூடண்டி!" என்று கத்தினார். பாருங்கள் என்று அர்த்தம். அப்படியே திரும்பி, மகன் கையிலிருந்த போனைக் கீழே தள்ளினார்.

அப்போதுதான் என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்ததை நான் பார்த்தேன். "டேய், ஒங்கப்பாவப் பார்றா!" என்று அலறினாள்.

அந்த அம்மா தன் புருஷனிடம் என்னமோ சொன்னார். சாமி பார்க்க வந்த வேன் எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது. போகும் வழியெல்லாம் அவர் என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தைரியம் சொல்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்க வந்த நர்ஸ் பெண்ணும் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "நீங்க நெஞ்சு மாமாதான? எங்க வூட்ல எல்லாரும் ஒங்க வீடியோ பாப்பாங்க." மெஷினிலிருந்து வந்த பேப்பரைப் பார்த்தவள், அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ரத்தக் குழாயில் அடைப்பு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் மனைவியிடம் சொன்னாராம். அவள் நன்றி சொல்ல வெளியே ஓடிவந்தபோது வேன் போய்விட்டிருந்தது. பெயர்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, அன்றைக்கு எடுத்த வீடியோவைக் காட்டச் சொல்லி மகனிடம் கேட்டேன்.

"வேணாம்ப்பா. அழிச்சிடறேன்" என்றான்.

நான் விடவில்லை. உண்மையைச் சொன்னால், அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தேன். பெற்ற பிள்ளைக்கும் கட்டின பெண்டாட்டிக்கும் ஒரு மனுஷன் சாகிறானா நடிக்கிறானா என்று தெரியாதா? அந்த ஆத்திரம் கட்டிலில் படுத்திருந்த நாளெல்லாம் உள்ளே இருந்தது.

வீடியோவைப் பார்த்தேன். அதே கை, அதே வாய்க்கோணல், அதே வார்த்தை. மறுபடி பார்த்தேன். எது வலி, எது நடிப்பு என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. சமையலறையில் மனைவி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அப்படித்தான் இருந்தாள். கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, "பாரு, எனக்கே தெரியல. நீ இன்னா பண்ணுவ?" என்றேன். அதற்கு அவள் இன்னும் ஜாஸ்தியாக அழுதாள். மகன் போனை வாங்கி, எங்கள் முன்னாலேயே அதை அழித்தான்.

எனக்கு உடம்பு சரியில்லை, இனிமேல் அந்த மாதிரி வீடியோ வராது என்று அவன் எழுதிப் போட்டான். அதற்குக் கீழேயும் சிரிக்கிற பொம்மைகள்தான் வந்து குவிந்தன. இப்போது அம்மாவும் பிள்ளையும் சமையல் வீடியோ போடுகிறார்கள். பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பஸ்ஸில் யாராவது விழுந்து காட்டச் சொன்னால், விட்டுவிட்டேன் என்று சிரித்து நகர்ந்துவிடுகிறேன். வீட்டில் நான் லேசாக இருமினால்கூட மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறாள். அவள் தலைவலி என்றால் நானும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன். முன்பெல்லாம் "ம்" என்று சொல்வதோடு சரி.

என் முகம் தெரிந்தவர்கள் இன்றைக்கு எந்தெந்த ஊரிலோ இருக்கிறார்கள்; ஆனால் அன்றைக்கு அதைக் குனிந்து பார்த்தவர் என் பாஷையே தெரியாத அந்த அம்மா ஒருவர்தான், அப்படிப் பார்க்க நான் இந்த வயதில்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.