'ஈரி'க்குத் தேடிய சொல்

வெளிநாட்டுப் படங்கள் ஓடும்போது திரையின் அடியில் வரும் தமிழ் வசனங்களை எழுதுவது அவள் வேலை. பேய்ப்படம் என்றால் அவளிடம்தான் வரும். அலறலுக்கும் ரத்தத்துக்கும் அவளிடம் சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது.

அந்தப் படத்தில் ஒருத்தி ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, 'ஈரி' (eerie) என்று ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைச் சொல்கிறாள். 'பயங்கரம்' என்று எழுதலாமென்றால் அங்கே பயங்கரமாக எதுவுமே இல்லை. 'அமானுஷ்யம்' என்று வாய்விட்டு யார் சொல்வார்கள்? கணவனைக் கேட்டாள்.

"திகில்னு போட்டுட்டுப் போயேன்," என்றான். அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த அக்கா, கோடை விடுமுறையில் ஒருநாள் அலுவலகத்தைத் திறக்கத் துணைக்குக் கூப்பிட்டாள். பட்டப்பகல்தான். நீண்ட வராந்தாவும் கவிழ்த்து வைத்த பெஞ்சுகளும் பிள்ளைகளின் சத்தமில்லாமல் கிடந்தன. இருவரும் தம்மையறியாமல் குரலைத் தாழ்த்தினார்கள்.

"என்னக்கா, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. ஒரு மாதிரியா இருக்குடி."

அவள் நின்றுவிட்டாள். "இன்னொரு தடவ சொல்லு."

"ஒரு மாதிரியா இருக்குன்னேன். ஏன்டி முழிக்கிற?"

அன்று மாலையே அதை எழுதி அனுப்பினாள். வேலை கொடுத்த கம்பெனியின் மேனேஜர் போன் செய்தார்.

"ஒரு மாதிரின்னா, எந்த மாதிரிம்மா?"

"அது தெரியாமத்தான் சார் படத்துல அவ பயப்படுறா."

அவர் அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பிறகு, "சரி, இருக்கட்டும்," என்றார்.