கார்குழலி எழுதிக் கொடுத்த எண்

கார்குழலி பேஸ்பால் மட்டையைக் கையால் தொட்டதில்லை. அந்த ஆட்டத்தை டிவியில்கூட முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆனால் அமெரிக்காவில் ஒருத்தன் பந்தை மைதானத்துக்கு வெளியே எத்தனை தடவை தூக்கி அடித்தான், அதற்கு அவனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டால், அரியாங்குப்பம் பாலத்தில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டே சொல்லிவிடுவாள். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை. அவள் போட்ட கணக்கை நம்பி அங்கே கோட்டு போட்ட வக்கீல்கள் வாதாடுகிறார்கள்.

நெல்லித்தோப்பில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் அவளுடைய ஆபீஸ். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். முதலாளி ஹரிகிருஷ்ணன். அமெரிக்காவில் பேஸ்பால் கிளப்புகளுக்கு ஆலோசனை சொல்கிற ஒரு கம்பெனி இவர்களுக்கு வேலை அனுப்பும். என்ன வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ரொம்பச் சுவாரஸ்யமான வேலை அது.

அங்கே ஓர் ஆட்டக்காரன் முதல் இரண்டு மூன்று வருஷம் கிளப் கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஆட வேண்டும். அதற்குப் பிறகு வாய் திறந்து கேட்கலாம். பேச்சு ஒத்துவராவிட்டால் அவன் ஒரு தொகையை எழுதிக் கொடுப்பான், கிளப் ஒரு தொகையை எழுதிக் கொடுக்கும். நடுவர்கள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒன்று இவன் சொன்னது, இல்லையென்றால் அவர்கள் சொன்னது. நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கப்பா என்ற பேச்சே கிடையாது.

அதில் கார்குழலியின் வேலை இரண்டு பங்கு. அந்த ஆட்டக்காரனைப் போலவே வயசு, அதே அனுபவம், அதே அளவு அடி உள்ள நாலைந்து பேரைத் தேடிப் பிடித்து, அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அது ஒன்று. கிளப் பக்கத்து வேலை என்பதால், அவனுடைய குறைகளை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். இது இரண்டாவது. ஓடமாட்டான், இடது கைப் பந்துவீச்சுக்கு முழிப்பான், போன வருஷம் முட்டி வலி என்று நாற்பது நாள் உட்கார்ந்திருந்தான், இப்படி. அதை அந்த ஆட்டக்காரன் எதிரிலேயே படிப்பார்கள். இதற்காகப் பன்னிரண்டு வரியில் ஒரு மாதிரிக் குறைப் பட்டியல் தயாரித்தவளும் அவள்தான். ஆளுக்குத் தகுந்தபடி விவரத்தை மாற்றினால் போதும். அதைக் கேட்டு ஒரு பையன் அங்கேயே கண் கலங்கினான் என்று ஒருமுறை தகவல் வந்தது. கோடி கோடியாய் வாங்குகிறவனுக்கு என்ன அழுகை என்று சொல்லிவிட்டு இவள் டீ குடிக்கப் போனாள்.

இத்தனை பேருக்கு விலை சொன்னவளின் சம்பளம் இருபத்திநாலாயிரம். பதினோராயிரத்தில் சேர்ந்து, ஒன்பது வருஷத்தில் ஏறிய ஏற்றம் அது.

ஏன் இவ்வளவுதான் என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். வருஷா வருஷம் தை பிறப்பதற்கு முன்னால் ஹரிகிருஷ்ணன் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்பார். அதற்கு நம் ஜனங்களிடம் இருக்கிற பதில் ஒன்றே ஒன்று. "நீங்க பாத்துக் குடுங்க சார்." கொத்தமல்லிக் கட்டுக்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிற வாய்தான். சொந்தச் சம்பளம் என்று வந்துவிட்டால் அதே வாயில் கொழுக்கட்டை. கார்குழலியின் அப்பா சாமிக்கண்ணு மில் வேலைக்காரர். மில் கேட்டுக்கு முன்னால் ஐந்நூறு பேரோடு நின்று கூலி உயர்வு கேட்டு அடித்தொண்டையில் கத்தியவர். அவரும்கூட ஆபீசருக்கு முன்னால் தனியாக நின்று எனக்கு இவ்வளவு வேண்டும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கூட்டத்தோடு கேட்பது நியாயம், தனியாகக் கேட்பது பேராசை என்று எவனோ நம் தலையில் எழுதி வைத்துவிட்டான்.

ஹரிகிருஷ்ணன் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கார்குழலி மகளின் காதுகுத்துக்குக் குடும்பத்தோடு வந்து மோதிரம் போட்டார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பார். பார்த்துக் கொடுங்கள் என்றால் ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ கொடுப்பார். கேட்காத இடத்தில் எந்த முதலாளி அள்ளிக் கொடுத்திருக்கிறான்?

இந்த வருஷம் மார்கழியில் அந்தக் கதை மாறியது. சுமலதா என்ற பெண் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தவள். பேஸ்பாலில் அவளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தது கார்குழலி. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போட சம்பளச் சீட்டை எடுத்து வைத்திருந்த சுமலதா, இதில் எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இவளிடமே கொண்டுவந்து நீட்டினாள். முப்பத்திநாலாயிரம் என்று இருந்தது.

கார்குழலி கட்டத்தைக் காட்டிவிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். சுமலதா மேல் அவளுக்குக் கோபமில்லை. அந்தப் பெண் சேரும்போதே தொகையைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறாள், கெட்டிக்காரி. கோபமெல்லாம் தன் மேல்தான். அன்று மதியம் சோற்று டப்பாவைத் திறக்காமலேயே, ஓர் ஆட்டக்காரனுக்குப் போடுவதைப் போலத் தன் பெயருக்கு ஒரு கோப்பு போட்டாள். ஒன்பது வருஷம், நூற்றுப் பதினாறு கோப்பு, அதில் திருப்பி அனுப்பப்பட்டவை மூன்று. இணையாகச் சுமலதா, இன்னும் ஊரில் இதே வேலை பார்க்கிற இரண்டு பேர். போட்டு முடித்ததும் மனசு தெளிந்துவிட்டது. பயம் போன இடம் தெரியவில்லை.

மறுநாளே ஹரிகிருஷ்ணன் அறைக்குப் போனாள். வழக்கமான கேள்வி வந்தது. வழக்கமான பதில் வரவில்லை. நீங்கள் ஒரு தொகை எழுதுங்கள், நான் ஒன்று எழுதுகிறேன், பேஸ்பால் முறைப்படி நடுவில் ஓர் ஆள் தேர்ந்தெடுக்கட்டும் என்றாள். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் யோசித்தார். அமெரிக்கக் கோப்புகளுக்குக் கெடு நெருங்கும் நேரம் அது. இவள் எழுந்து போனால் ஆபீஸ் படுத்துவிடும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதோடு அவருக்கு ஒரு நப்பாசையும் இருந்தது. கிளப் பக்கம் வாதாடித்தானே நாம் பிழைக்கிறோம், நம்மை ஜெயிப்பாளா என்று நினைத்திருப்பார். சரி என்றார்.

நடுவராக ஆடிட்டர் கமலவேணியை இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். சொல்தா வீட்டு மருமகள், அதாவது மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவர். ஒரு பைசாவுக்குக்கூட வளைந்து கொடுக்காத அம்மாள்.

எவ்வளவு எழுதுவது? கார்குழலியின் கணவன் சிலம்பரசன், கேட்பதுதான் கேட்கிறாய், ஐம்பதாகக் கேள் என்றான். ஆட்டமே பார்க்காமல் ஆட்டக்காரனுக்கு விலை வைக்கிறவள் என்று அவளைக் கிண்டல் செய்வது அவனுக்குப் பொழுதுபோக்கு. அன்றைக்கு அவள் அவனுக்குப் பாடமே எடுத்துவிட்டாள். நடுவர் பார்ப்பதெல்லாம் ஒன்றுதான். இரண்டு தொகைக்கும் நட்டநடுவில் ஒரு கோடு போடுவார். ஆளின் மதிப்பு அந்தக் கோட்டுக்கு மேலே என்றால் இவன் ஜெயித்தான், கீழே என்றால் கிளப் ஜெயித்தது. பேராசைப்பட்டு ஏற்றிக் கேட்டால் கோடும் ஏறிவிடும், ஆள் கீழே விழுவான். ஹரிகிருஷ்ணன் இருபத்தைந்தரையைத் தாண்ட மாட்டார், ஒன்பது வருஷம் பார்த்த கை அது. நான் முப்பத்தாறு எழுதினால் கோடு முப்பத்தொன்றுக்குக் கீழே நிற்கும். முப்பத்தொன்றுக்கு நான் பெறமாட்டேனா? சிலம்பரசன் தோசை ஊற்றப் போனான்.

தோற்றால் இருபத்தைந்தரைதான். அதைவிட, இன்னும் பத்து வருஷத்துக்கு வாய் திறக்க முடியாது. உன் விலை இதுதான் என்று சாட்சி வைத்துத் தீர்ப்பு எழுதின மாதிரி ஆகிவிடும். அதையும் யோசித்துத்தான் முப்பத்தாறு என்று எழுதினாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சீட்டைப் பிரித்தார் கமலவேணி. ஹரிகிருஷ்ணன் எழுதியிருந்தது இருபத்தையாயிரத்து ஐந்நூறு. கார்குழலி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். அவள் முதலில் பேசினாள், பத்தே நிமிஷம், தாளைப் பார்க்காமல். கமலவேணி தலையை ஆட்டக்கூட இல்லை.

அடுத்து ஹரிகிருஷ்ணனின் முறை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தூரத்திலிருந்து பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, பன்னிரண்டு வரி. அவளுடைய பட்டியலேதான், பெயர் மட்டும் அவள் பெயர்.

போன வருஷம் பத்தொன்பது நாள் லீவு என்று படித்தார். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் அவை, அவரே வந்து ஹார்லிக்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். அமெரிக்காக்காரர் போனில் வந்தால் இங்கிலீஷ் தடுமாறும் என்றார். ஆபீசில் சத்தமாகப் பேசுவாள் என்றார். ஒவ்வொன்றும் உண்மைதான், அதுதான் சுட்டது. ஒருவரைப் பற்றி உண்மையை மட்டுமே சொல்லி இவ்வளவு சின்னதாக்க முடியுமா என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே கண் கலங்கிய அந்தப் பையன் நினைவுக்கு வந்தான், பெயர்கூட மறந்துவிட்டிருந்தது.

ஹரிகிருஷ்ணனின் குரலும் வரவர இறங்கிக்கொண்டே வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"பதினொன்னு. ஒம்பது வருஷத்துல இவங்க ஒரு தடவகூட கூட்டிக் கேட்டதில்ல. குடுத்தத வாங்கிக்கிட்டாங்க. தன் மதிப்பு அவ்ளோதான்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி."

அந்த வரியை எழுதிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று, வாய் திறந்து கேட்கிற உரிமை வந்த பிறகும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆடிய ஒருத்தனுக்காக எழுதியது. கிளப் ஜெயித்தது. சபாஷ் என்று மின்னஞ்சல் வந்தது. அதை வீட்டில் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

பதில் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கமலவேணி கேட்டார். கார்குழலி தன் கோப்பை மூடி வைத்தாள்.

"அந்த வரிய எழுதினவளே நாந்தான் மேடம். அது தப்பான வரி. நான் கேக்காம இருந்தது என் வெல எனக்குத் தெரியாம இல்ல. சாருக்குத் தெரியும்னு நம்பிக்கிட்டு இருந்தேன். அந்த நம்பிக்கையக் கொண்டாந்து குறையில சேத்துட்டாரு."

ஹரிகிருஷ்ணன் பன்னிரண்டாவது வரியைப் படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கமலவேணி அவர் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பெண் திங்கட்கிழமை வராவிட்டால், இதே வேலைக்கு ஓர் ஆளைப் பிடிக்க எவ்வளவு ஆகும்?

அவர் பொய் சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு என்றால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? மனுஷன் கையிலிருந்த தாளை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

"முப்பத்தஞ்சுக்குக் கெடச்சா பெரிய விஷயம் மேடம். கெடைக்காது."

கமலவேணி அவருடைய சீட்டை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். முப்பத்தாறு என்று எழுதிய சீட்டின் அடியில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். காரணம் சொல்கிற வழக்கம் அமெரிக்காவில் உண்டா என்று விசாரித்தார். அப்போதைக்குச் சொல்ல மாட்டார்கள் என்றாள் கார்குழலி. நல்ல வழக்கம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் கார்குழலி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். புதிய கோப்பு ஒன்று வந்திருந்தது. இருபத்தேழு வயசு, போன வருஷம் முப்பத்துமூன்று முறை வெளியே அடித்தவன், கேட்கிற உரிமை வந்த பிறகும் கிளப் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆடியவன். ஜெயித்த சந்தோஷத்தில் அவனுக்குக் கருணை காட்டினாள் என்று நினைக்காதீர்கள். ஓடமாட்டான், முக்கியமான நேரத்தில் சொதப்புவான், முட்டி சரியில்லை என்று ஒன்று விடாமல் எழுதினாள். வாங்குகிற காசுக்கு வேலை செய்ய வேண்டும், இப்போது இன்னும் கூடுதலாகவே செய்ய வேண்டும்.

மதியத்துக்கு மேல் ஹரிகிருஷ்ணன் தாளோடு வந்து அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். சனிக்கிழமைக்குப் பிறகு இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசுவது அப்போதுதான். எண்ணிப் பார்த்தேன், பதினோரு வரிதான் இருக்கிறது, குடுத்தத வாங்கிக்கிட்டான் என்கிற வரியைக் காணோமே என்றார்.

"எடுத்துட்டேன் சார். இனிமே யாருக்கும் அது கெடையாது."

"கிளையன்ட் ஏன்னு கேப்பாங்களேம்மா?"

"கேக்கட்டும் சார்," என்றாள் கார்குழலி. "கேக்கறதுல என்னா தப்பு?"