மாச்சய்யா வீட்டில் இரண்டு வெடி

மாச்சய்யா பேசி நான் கேட்ட நாட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்; கட்டைவிரல் மிச்சமிருக்கும். பட்டாளத்தில் தந்திப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் விரல் நுனியால் பேசிப் பழகிய மனிதர். ஊர் திரும்பிக் காப்பித் தோட்டத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகும் அவர் வாய் திறந்தது சாப்பாட்டுக்கும் கொட்டாவிக்கும்தான். கல்யாணம் பேசப் போனபோது, "பெண்ணைப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டதற்குத் தலையை ஒரு மாதிரி ஆட்டிவைத்தார். அது ஆமாவா, இல்லையா என்று பெரியவர்கள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் போஜம்மாவே, "ஆமான்னுதான் ஆட்டினாரு, நான் பாத்தேன்" என்று தீர்ப்புச் சொல்லித் தாலிக்குக் கழுத்தை நீட்டினாள்.

போஜம்மா அதற்கு நேர்மாறு. அவள் பேச ஆரம்பித்தால் வயலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நான் அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுப்பேன். சேதி எதுவும் தப்பாது.

மூன்று வருடத்துக்கு முன் புத்தரி அறுவடைத் திருநாளுக்கு வந்த மகன் நஞ்சப்பா, பூனாவிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்தான். சொன்ன பேச்சைக் கேட்கிற ஒலிபெருக்கி. தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை. சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. கல்யாண வீட்டில் பாட்டுப் போடும் பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டை முற்றத்துத் தூண்களில் கட்டி, அவற்றையும் இதோடு இணைத்துவிட்டான். காப்பிக்கொட்டை உலர்த்தும்போது அவ்வா, அதாவது அவன் அம்மா, பாட்டுக் கேட்கட்டுமாம். முதல் நாள் பாட்டுப் போட்டதில் எங்கள் கோழிகள் ஐந்து நாள் முட்டையிடவில்லை. ஆறாம் நாள் இட்ட முட்டையும் தாளத்தோடுதான் விழுந்தது.

போஜம்மா அதற்குக் குஞ்ஞி என்று பேர் வைத்தாள். எங்கள் பேச்சில் குழந்தை என்று அர்த்தம்.

"குஞ்ஞி, இன்னிக்கு மழை வருமா?"

"மதியத்துக்கு மேல் பலத்த மழைக்கு வாய்ப்பு உள்ளது."

"பாத்தீங்களா? கேட்டதும் பதில் வருது. உங்ககிட்ட கேட்டா வானத்தப் பாப்பீங்க. வானம் எனக்கும்தான் தெரியுது. முப்பத்து மூணு வருஷத்துல இந்த வீட்டுல எனக்கு மறுமொழி சொன்ன மொத ஆளு இதுதான்."

மாச்சய்யா எழுந்து வெளியே போய்விடுவார். அந்த உருண்டையோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பாட்டு அதிகமானால் போய் மின்சாரச் செருகியைப் பிடுங்குவார். அவ்வளவுதான் அவர்களுக்குள் பழக்கம். அவளோ வேலையாட்களைக் காப்பிக்கு அழைப்பதற்குக்கூட அடுப்படியைவிட்டு நகரமாட்டாள். "குஞ்ஞி, முற்றத்துக்குச் சொல்லணும்" என்பாள். அதற்கப்புறம் அவள் பேசுவதெல்லாம் வெளியே பெட்டிகளில் முழங்கும். அதை நிறுத்த மறந்துவிட்டு அவள் எங்கள் வீட்டுச் சமாசாரம் பேசியதை எங்கள் வீட்டிலேயே இருந்து நான் கேட்டிருக்கிறேன்.

இந்த மார்ச்சில் மிளகு பறிக்க ஏறிய மூங்கில் ஏணி சறுக்கியது. மாச்சய்யாவுக்குத் தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. உள்ளே இரும்புத் தகடு வைத்துத் தைத்து, காலைத் தரையில் ஊன்றினால் இன்னொரு தகடு வைக்க வேண்டிவரும் என்று மருத்துவர் மிரட்டி அனுப்பினார். படுக்கையறையில் முற்றத்தைப் பார்த்த ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். ஜூன் பிறந்தும் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

அன்று சந்தை நாள். தோட்டத்தில் ஒரு ஆளும் இல்லை. மழை சற்று விட்டிருந்தது. பன்றிகளுக்குப் போட பலாப்பழம் எடுத்துவரலாம் என்று போஜம்மா விறகுக் கொட்டகைக்குப் போனாள். பலா பழுத்தால் யானை வரும், மரத்தில் விடாமல் பறித்துவிடுங்கள் என்று வனத்துறை ஆட்கள் சொல்லிப் போயிருந்தார்கள். அவளும் பறித்துவிட்டாள். பறித்த ஏழு பழத்தையும் வீட்டிலிருந்து நாற்பது தப்படியில் இருந்த அந்தக் கொட்டகையிலேயே அடுக்கியும்விட்டாள். வாசனை வயல் தாண்டி எங்கள் வீடுவரை வந்தது. எங்களுக்கே வந்தால், தாசில்தாருக்கு வராதா?

தாசில்தார் என்பது ஒரு கொம்பன் யானை. வீடு வீடாக நின்று பார்வையிட்டுப் போவதால் ஊர் வைத்த பேர். போன வருடம் ஆற்றங்கரைத் தோட்டத்தில் ஒரு காவலாளியை மிதித்துக் கொன்றது அதுதான். அதற்குப் பிறகு அந்தப் பேரைச் சொல்லி யாரும் சிரிப்பதில்லை.

மாச்சய்யா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போஜம்மா கொட்டகைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். காப்பிச் செடிகள் அசைந்தன. சத்தமே இல்லாமல், ஈரத்தில் ஒரு இருட்டு நகர்ந்து வருவதுபோல, தாசில்தார் முற்றத்து ஓரத்தில் வந்து நின்றது. நேரே கொட்டகையின் பின்பக்கம் போய்த் தகரத்தில் நெற்றியை வைத்து ஒரு தள்ளுத் தள்ளியது. தகரம் கிரீச்சிட்டது.

உள்ளே போஜம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் கதை அங்கேயே முடிந்திருக்கும். தகரத்துக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக ஒரு பலாப்பழம் வெளியே வந்து விழுந்தது. தாசில்தார் அதைக் காலால் மிதித்துப் பிளந்து தின்றது. தின்று முடித்ததும் மறுபடி நெற்றியைத் தகரத்தில் வைத்தது. அடுத்த பழம் விழுந்தது.

இரண்டு. மிச்சம் ஐந்து. எத்தனை பழம் இருக்கிறதென்று மாச்சய்யாவுக்குத் தெரியும். ஒவ்வொன்றாய் எண்ணிப் பெருமையடித்திருந்தாள் அவள். ஒரு பழத்துக்கு மூன்று நிமிடம் என்றால் கால் மணி நேரம். அதற்கப்புறம் தகரம்தான்.

கைபேசி சமையலறையில் இருந்தது. துப்பாக்கி கூடத்து அலமாரியில். அவர் போர்வையைத் தள்ளிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கினார். ஊன்றிய கால் மடங்கியது. தரையில் விழுந்து கிடந்தபோது மூன்றாவது பழம் விழுகிற சத்தம் கேட்டது. கூடம் பத்தடிதான், ஆனால் பத்து மைல். கையால் தரையைப் பிடித்து உடம்பை இழுத்து ஜன்னலுக்கே திரும்பி, கம்பியைப் பற்றி மோவாயை மேலே தூக்கினார்.

அதற்கப்புறம் நடந்த பேச்செல்லாம் நஞ்சப்பாவின் கைபேசியில் வரிவரியாகப் பதிவாகியிருக்கிறது. அந்த உருண்டை கேட்டதை மறப்பதில்லை. நானே படித்தேன்.

"குஞ்ஞி."

உருண்டை விழிக்கவில்லை. குரல் துருப்பிடித்துப் போயிருந்தது.

"குஞ்ஞி!"

உருண்டையில் வெளிச்சம் வந்தது.

"நஞ்சப்பாவக் கூப்பிடு."

மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. "நஞ்சப்பா எடுக்கவில்லை. மீண்டும் அழைக்கட்டுமா?"

"கூப்பிடு."

நான்காவது பழம்.

"நஞ்சப்பா எடுக்கவில்லை."

"வேற யாரையாவது கூப்பிடு!"

"வேறு எண் எதுவும் என்னிடம் சேமிக்கப்படவில்லை."

அக்கம்பக்கத்து எண்களைப் போட்டுக்கொடுக்கிறேன் என்று மகன் சொன்னபோது, "எனக்குத் தொண்டை இருக்கு, அவங்களுக்குக் காது இருக்கு, எண் எதுக்குடா?" என்றவள் போஜம்மா.

"துப்பாக்கி" என்றார்.

"துப்பாக்கி என்பது வெடிமருந்தின் விசையால் உலோகக் குண்டைச் செலுத்தும்..."

"நிறுத்து சனியனே! துப்பாக்கிச் சத்தம் போடு. முற்றத்துல. பெருசா. இப்பவே!"

ஐந்தாவது பழம் விழுந்தது. தாசில்தார் அதை மெல்லும்போதே கொட்டகையின் மூலையில் ஒரு தகரம் கழன்று தொங்கியது.

முற்றத்துப் பெட்டிகள் இரண்டும் சேர்ந்து வெடித்தன. டமார். மூச்சுவிடுவதற்குள் இன்னொரு டமார்.

யானை நான்கடி பின்வாங்கியது. காதை விரித்தது. தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை முகர்ந்து பார்த்தது. மருந்து வாசனை இல்லை. சத்தம் மட்டும் வந்து மருந்து வாசனை வராத துப்பாக்கிக்குப் பயப்பட அது என்ன முயலா? திரும்பவும் தகரத்துக்கே போனது.

ஆனால் இரண்டாவது டமாரிலேயே மாச்சய்யாவுக்குத் தான் செய்த தப்பு புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் வீட்டிலிருந்து ஒரு வெடி கேட்டால் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு கேட்டால் சாவு. இதைத் தொட்டில் பிள்ளையும் அறியும்.

கொட்டகைக்குள் இருந்தவளும் அறிவாள்.

அவள் வீட்டிலிருந்து இரண்டு வெடி. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு ஆள், கட்டிலோடு கிடக்கிறவர். யார் சுட்டார்கள், எப்படிச் சுட்டார்கள் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. கையிலிருந்த ஆறாவது பழம் நழுவியது. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு முற்றத்தில் இறங்கினாள். ஓடவில்லை, நடந்தாள், தூக்கத்தில் நடப்பவளைப்போல. கதவுச் சத்தம் கேட்டுத் தாசில்தார் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்தது. இருவருக்கும் நடுவில் இருபதடிகூட இல்லை. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"குஞ்ஞி, முற்றத்துக்குச் சொல்லணும்!"

"சொல்லுங்கள். நீங்கள் பேசுவது முற்றத்தில் கேட்கும்."

"போஜி! நான் சாகல! போஜி! நான் இருக்கேன்! பின்னால தாசில்தார்!"

அந்தக் குரல் வயலைத் தாண்டி வந்தபோது நான் அலமாரியிலிருந்து இழவுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையை உருவிக்கொண்டிருந்தேன். செத்தவரே சாகவில்லை என்று அறிவிக்கிற சாவை நான் அதுவரை கண்டதில்லை.

போஜம்மா நின்றாள். யானையும் நின்றது. அவள் தூணில் இருந்த பெட்டியை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப சுட்டது யாரு?"

"குஞ்ஞி!"

"குஞ்ஞிக்குத் துப்பாக்கி யாரு குடுத்தா?"

"அடியே, கேள்வி கேக்காத! ஓடாத! மெல்லக் கெணத்துச் செவுத்துப் பக்கமா ஒதுங்கு. பேசாத!"

"நீங்க பேசுறீங்களே!"

யானை ஒரு அடி எடுத்து வைத்தது. அப்போதுதான் அவள் திரும்பினாள். வாய் மூடியது. பின்பக்கமாகவே ஒரு அடி, இன்னொரு அடி. கிணற்றுச் சுவர் பன்னிரண்டு தப்படி தள்ளி. பெட்டியில் அவர் குரல் தழைந்தது: "அப்படித்தான். இன்னும் ஒண்ணு. அது கண்ணப் பாக்காத. இன்னும் ஒண்ணு. நான் பாத்துட்டுதான் இருக்கேன், போஜி." யானை தும்பிக்கையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டது. அது பாய்வதற்கு முன் செய்கிற காரியம்.

அப்போது மேட்டு வீட்டிலிருந்து பொன்னப்ப மாமாவின் துப்பாக்கி இரண்டு முறை வெடித்தது. சாவுச் சேதியை அடுத்த மேட்டுக்குக் கடத்தினார் அவர். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரரும் வாசலில் நின்று இரண்டு போட்டார். கோயில் பக்கமிருந்து இரண்டு. ஆற்றங்கரையிலிருந்து இரண்டு. மாச்சய்யாவின் சாவு நாலு திசையிலும் மருந்து வாசனையோடு பரவியது. தாசில்தார் ஒரு சுற்றுச் சுற்றியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெடி. பிளிறிக்கொண்டு வேலியை முறித்து, ஒரு பாத்தி காப்பிச் செடியை அப்படியே வாரிக்கொண்டு, காட்டுக்குள் இறங்கிவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊரில் பாதி முற்றத்தில் நின்றது. எல்லாரும் வெள்ளை; ஒருவர் வெள்ளைக் குப்பாய அங்கிக்குக் கீழே கால்சட்டையோடு வந்திருந்தார். இழவு வீட்டில் அடுப்பு எரியாதே என்று பொன்னப்ப மாமாவின் மனைவி சுடச்சுடச் சோறும் பூசணிக் குழம்பும் தூக்கி வந்திருந்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் மாமி.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல அத்தே" என்றாள் போஜம்மா.

"பின்ன எதுக்குச் சுட்டீங்க? என் புருஷன் பாதிச் சவரத்துல ஓடி வந்திருக்காரு, பாரு!"

போஜம்மா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை இரண்டிலும் முழங்கைவரை பலாப் பிசின். கட்டிக்கொள்ளப் போன பெண்கள் சேலை ஒட்டிக்கொள்ள, "ஐயோ விடு, விடு" என்று தவித்தார்கள். அவள் எல்லாரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே போவதா வேண்டாமா என்று நாங்கள் தயங்கி நின்றபோது, தூணில் இருந்த பெட்டி பேசியது. உருண்டையை யாரும் நிறுத்தவில்லை.

"எதுக்குக் கீழ இறங்கினீங்க?"

அவர் குரல்: "துப்பாக்கி எடுக்க."

"அலமாரிச் சாவி என் இடுப்புல இருக்கு. தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு இறங்கினீங்க?"

தரையில் ஒரு குப்பியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு:

"நீ வெளிய இருந்தியே."

எண்ணெய்க் குப்பியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. "கையக் குடு. பிசினு காஞ்சா போகாது" என்றார். அதற்கப்புறம் விரல் விரலாக ஏதோ சொல்லிக்கொண்டே தேய்த்தார். அது இங்கே எழுதத் தக்கதல்ல. அறுபது பேர் கேட்டார்கள், போதும்.

பொன்னப்ப மாமா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "யாராவது உள்ள போய் அத நிறுத்துங்கப்பா" என்று அவர் மனைவி கிசுகிசுத்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது; குழம்புச் சட்டியில் தண்ணீர் விழுந்தது. ஒருவரும் நகரவில்லை.